மூக்கண்டப்பள்ளிக்கு வந்த ஜப்பான்காரர்

உலகமே ஒரு கிராமமாகிவிட்டது என்று பெரியவர்கள் பலர் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கிராமம் மூக்கண்டப்பள்ளிதான் என்று கண்டுபிடித்த பெருமை ராஜசேகர் ஒருவரையே சேரும். ஓசூரை ஒட்டிய அந்தப் பேட்டையில், கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவர் மனிதவளத் துறையின் உதவி மேலாளர். இப்படிப்பட்ட மகான்கள் பிறக்க ஒரு நாடு கொடுத்து வைத்திருக்க வேண்டும். நம் நாடு கொடுத்து வைத்திருந்தது. சாமல்பட்டியில் பிறந்தார்.

அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பதவியின் முன்னால் 'உதவி' என்ற சொல் எட்டு வருஷமாக ஒட்டிக்கொண்டு உரிக்க வராமல் இருந்தது. ஆலைத் தலைவர் பூபதி அதற்கும் ஒரு வழி வைத்தார். 'உலகப் பண்பாட்டு நல்லுறவுப் பிரிவு' என்று புதிதாக ஒன்று தொடங்கப் போவதாகவும், நம் ஜனங்களின் கண்ணை உலகத்தை நோக்கித் திறந்துவிடுகிறவர் யாரோ அவரே அதற்கு முழு மேலாளர் என்றும் அறிவித்தார். ராஜசேகர் அன்றைக்கே அடுத்தவர் கண்களைத் திறக்கப் புறப்பட்டுவிட்டார்.

முதலில் நிலவரம் தெரிய வேண்டுமல்லவா? தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வேற்றுப் பண்பாட்டு மக்களோடு பழக்கம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். சென்னகிருஷ்ணன் சூளகிரிக்காரர். வீட்டில் பெண்டாட்டியிடம் தெலுங்கு, அத்திப்பள்ளியில் மாமனாரிடம் கன்னடம், ஷாப்பில் தமிழ், மெஷின் நின்றுவிட்டால் இங்கிலீஷ், வடக்கத்திப் பையன்களிடம் அவரே சொந்தமாகத் தயாரித்த ஓர் இந்தி. நேர்மையான மனிதர். நன்றாக யோசித்துப் பார்த்து, அதெல்லாம் நமக்கு ஒன்றும் தெரியாதுங்க சார் என்றார். உலகமே தெரியாமல் இப்படி ஒரு ஜனம் வாழ்கிறதே என்று ராஜசேகர் இரக்கப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சமயம் பார்த்து ஜப்பான் கம்பெனி ஒன்றிலிருந்து தனாகா என்பவர் ஆலையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தனாகா வரும் நாளே 'ஜப்பான் தினம்' என்று சுற்றறிக்கை பறந்தது.

அதற்குப் பிறகு தொழிற்சாலை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எல்லோரும் ஜப்பானிய முறைப்படி குனிந்து வணங்கப் பழக வேண்டும் என்று உத்தரவு. குனிந்தது சரியா என்று யார் சொல்வது? குவாலிட்டி துறை எதற்காக இருக்கிறது? கோணமானியைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் இடுப்பிலும் வைத்துப் பார்த்து, தேறியவர்களுக்குப் பச்சைச் சீட்டு, தேறாதவர்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். ஸ்டோர்ஸில் பாதிப் பேர் திருப்பிச் செய்ய வேண்டிய 'ரீவொர்க்' ஆனார்கள். சென்னகிருஷ்ணன் மட்டும் அளவுக்கு மேலேயே குனிந்தார். பாராட்டுகள் முடிந்த பிறகுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது தெரிந்தது. அப்படியே தாங்கலாக நடத்திக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கேன்டீன் சரசம்மாவிடம் 'சுஷி' செய்யச் சொன்னார்கள். கடற்பாசியில் சோற்றைச் சுருட்டுவது என்று விளக்கினார்கள். ஓசூர் மார்க்கெட்டில் கடல் இல்லாத காரணத்தால் அந்த அம்மாள் புளியோதரையை வெற்றிலையில் சுருட்டினார். தின்று பார்த்தவர்கள், ஜப்பான்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தனியாக வெற்றிலை போடும் வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த நாடு முன்னேறியது என்று பேசிக்கொண்டார்கள். ஜப்பானில் செர்ரி மரம் பூக்குமாம். நம் ஊர் ரோஜா விமானம் ஏறி எங்கெங்கோ போகிறது, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வேப்பமரம் வரைக்கும் போகக் கூடாதா? நூல் போட்டு மரம் முழுக்க ரோஜா கட்டினார்கள். மரம் வெட்கப்பட்ட மாதிரி நின்றது.

இந்த மும்முரத்தின் நடுவில், மூன்று மாதமாக லீவு கேட்டுவரும் ஒருவர் மறுபடி வந்து நின்றார். ஜிபன் பாசுமத்தாரி என்று பெயர். அசாமில் கொக்ராஜார் பக்கம், போடோ இனத்தவர். நாலு வருஷமாகப் பெரிய பிரஸ்ஸில் வேலை. நமக்குச் சித்திரை பிறக்கிற அதே சமயம் அவர்களுக்கும் வருஷம் பிறக்கிறது, பிவிசாகு என்பார்கள். எட்டு மாதக் கைக்குழந்தையான மகளை அவர் இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். பிவிசாகுவுக்குப் போய் அவளைக் கையில் தூக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அந்த ஏக்கத்தில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிற்சாலையில் அவர் பெயர் 'நேபாளி'. முதல் வருஷம் திருத்திப் பார்த்தார். இரண்டாம் வருஷம் சிரித்து வைத்தார். அதற்கப்புறம் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே பழகிவிட்டார்.

ராஜசேகர் ஜப்பானியத் தேநீர் அருந்தும் முறையைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"ஜப்பானே வருது. இந்த நேரத்துல வந்து நேபாளம் போவணும்னு நிக்கறியே. அப்பறம் பாக்கலாம் போ."

ஜப்பான் தினமும் வந்தது. ஜப்பான்தான் வரவில்லை. காலையில் ராஜசேகரின் உதவியாளர் வினோதா போனை நீட்டினாள். தனாகாவுக்குப் பெங்களூரில் வயிறு கெட்டுவிட்டதாம், அங்கிருந்தே ஊர் திரும்புகிறாராம், தாழ்ந்து பணிந்து மன்னிப்புக் கேட்கிறாராம். ராஜசேகர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பந்தலில் ஐந்நூறு பேர். மேளம் வேறு தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பூபதி புதுக் கோட்டும் சூட்டுமாக வந்து, எங்கே தனாகா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். 'உதவி' என்ற சொல் ராஜசேகரின் கண்முன்னால் விசுவரூபம் எடுத்து நின்றது.

அப்போதுதான் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நின்ற சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார்.

"நம்ம நேபாளி இருக்கறானே சார். கோட்டு மாட்டிவுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

நேபாளத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவே சீனா என்று ஒரு தேசம் படுத்துக் கிடக்கிறது. அதை ஒரே மூச்சில் தாண்டிய அறிவு அது. ராஜசேகர் எழுந்து சென்னகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டார். இடுப்பு ஞாபகம் வந்து உடனே விட்டார்.

ஜிபனைப் பிரஸ்ஸிலிருந்து கையில் எண்ணெயோடு கூட்டி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் நிதானமாக, தான் ஜப்பான்காரன் இல்லை என்றார். அது எங்களுக்குத் தெரியாதா என்றார் ராஜசேகர். நேபாளியும் இல்லை என்றார் ஜிபன். நேரமாகிவிட்டது, ஒரு சமயத்தில் ஒரு நாட்டைத்தான் பேச முடியும் என்றார் ராஜசேகர்.

"இத முடிச்சுக் குடுத்தா லீவு குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார் ஜிபன்.

"பத்து நாள். எம் பொறுப்பு."

ஜிபன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கோட்டை மாட்டினார். ராஜசேகருடைய கல்யாணக் கோட்டு. தோளில் சரியாக இருந்தது.

நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள். பூபதி தினமும் காலையில் பிரஸ் ஷாப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர். அந்தப் பெரிய பிரஸ் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அலுவலகத்தில் மாட்டி வைத்திருக்கிறார். போட்டோவில் அவருக்கு வலது பக்கம் நிற்பதே ஜிபன்தான். அப்படிப்பட்ட பூபதி, வேப்பமரத்தடியில் ஜிபனைக் கண்டதும் பச்சைச் சீட்டு வாங்கும் கோணத்தில் குனிந்தார். ஜிபனும் குனிந்தார். பூபதி இன்னும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இரண்டு பேருக்கும் தெரியாததால் மேளக்காரர்கள் ஒரு ஆவர்த்தனம் கூடுதலாக வாசிக்க வேண்டியிருந்தது.

பிரஸ் ஷாப் பையன்களுக்கு ஆளைத் தெரியாமல் இருக்குமா? விசில் பறந்தது. நம் தொழிலாளர்களுக்கு ஜப்பான்மேல் இவ்வளவு பாசமா என்று பூபதி கண் கலங்கினார்.

விருந்தினர் வாயைத் திறக்கவே கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் பூபதி மைக்கை அவர் கையில் திணித்துவிட்டார். ஜிபன் ஐந்நூறு முகங்களைப் பார்த்தார். அவருக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தாய்மொழியில் ஆரம்பித்தார். என் மகள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் நான் அவளைத் தொட்டதில்லை, அவள் போனில் என் முகத்தைத் தடவுகிறாள், எனக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று போடோவில் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வினோதா சமயோசிதமானவள். ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் இன்னொரு மைக்கைப் பிடித்து மொழிபெயர்த்தாள். நம் ஆலையின் உற்பத்தித் தரத்தைக் கண்டு தனாகா சான், அதாவது தனாகா ஐயா, உணர்ச்சிவசப்பட்டுவிட்டாராம். பந்தல் அதிர்ந்தது.

ஜிபன் வினோதாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில் பேசினார்.

"எனக்குப் பத்து நாள் லீவு வேணும் சார். ஊருக்குப் போவணும். வேற ஒண்ணும் கேக்கல."

அடுத்த நொடி ஐந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஜப்பான்காரர் தமிழ் பேசுகிறார். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்? நம் மூக்கண்டப்பள்ளித் தமிழ். இதே தமிழில் இதே லீவை இதே குரல் மூன்று மாதமாகக் கேட்டுவருகிறது. ஆனால் கோட்டுப் போட்டு வந்தால்தானே மொழியின் இனிமை புலப்படுகிறது. பெண்கள் பக்கம் ஒருத்தி அழுதேவிட்டாள். யாரோ ஒருவர் தமிழ் வாழ்க என்றார்.

பூபதி சொக்கிப்போனார். லீவே எடுக்காத ஜாதி ஜப்பான்காரர்கள், அவர் வாயாலேயே லீவு கேட்டுச் சிரிக்க வைக்கிறாரே, என்ன ஒரு நகைச்சுவை உணர்வு என்று புகழ்ந்தார். அந்த வேகத்திலேயே தனாகா சானுக்குப் பத்து நாள் லீவு இந்த மேடையிலேயே வழங்கப்படுகிறது என்று அறிவித்து, ரோஜா மாலையும் போட்டார். ஜிபன் மாலையோடு நின்று சிரித்தார். அன்றைக்கு அந்தப் பந்தலில் வேஷமில்லாத சிரிப்பு அது ஒன்றுதான். சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ராஜசேகர் முழு மேலாளர் ஆனார். கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். மறுநாள் காலை அந்தப் பலகையைக் கடந்து ஜிபன் உள்ளே வந்தார், எண்ணெய்ச் சட்டையோடு. லீவு சொன்னீர்களே, ராத்திரி ரயிலுக்குப் போகிறேன் என்றார்.

முழு மேலாளரின் பொறுப்பு என்னவென்று அரை மேலாளர்களுக்குத் தெரியாது. ராஜசேகர் கண்ணை மூடி யோசித்தார். வாக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் மேடையில் அறிவித்தது யாருக்கு? அதைத்தான் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"லீவு தனாகா சானுக்குத்தாம்ப்பா குடுத்தது. அத உனக்கு மாத்தினா ஜப்பானுக்குக் குடுத்தத நேபாளத்துக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். ரெண்டு நாட்டு விசயம். நான் உலகப் பண்பாட்டு மேனேஜரா இருந்துக்கினு அந்தத் தப்பச் செய்யலாமா?"

ஜிபன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபமாகத்தான் பேசினார்.

"நான் நேபாளி இல்லீங்க சார். ஜப்பானும் இல்ல. நாலு வருசத்துக்கு முன்னாலயே சொன்னேன், நானும் இந்தியாதான், உங்கள மாதிரி. எம் பொண்ணப் பாக்கப் போறேன். வேல போனா போவட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ராஜசேகர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒரு தொழிலாளி மனம் நொந்து போவதை அவரால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து ஓடி, வாசலில் ஜிபனின் தோளில் கையைப் போட்டு, உலகத்து அன்பையெல்லாம் குரலில் குழைத்து ஆறுதல் சொன்னார்.

"மனசு வுட்றாத. அடுத்த வருசம் நம்ம பிரிவுல 'இந்தியா தினம்' ஒண்ணு வெக்கறோம். அதுல நீயே இந்தியனா வேசம் கட்டு. யாருக்கும் சந்தேகம் வராம நான் பாத்துக்கறேன்."