ஹீரோ இன்னும் சட்டை மாட்டவில்லை

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் டொக்கென்று நின்றது. தயாரிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. கதாசிரியருக்கோ வாயெல்லாம் பல்! மூன்று வாரமாக ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தும் முகம் காட்டாத மனுஷர், இப்போது ஓட வழியில்லாமல் இரண்டடி தூரத்தில் நிற்கிறார். இவரும் கையை விரித்தால், திங்கட்கிழமையிலிருந்து மச்சானின் டைல்ஸ் கடையில் உட்காருவதாகக் கதாசிரியர் மனைவியிடம் சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தார்.

"பயப்படாதீங்க சார், இதோ ஆச்சு!" என்று கதவுக்கு வெளியே மெக்கானிக்கின் குரல் கேட்டது. கூடவே ஸ்பேனர் சத்தம்.

"சார், சூப்பர் ஹீரோ கதை ஒண்ணு. சொல்லட்டுமா?"

"வேற வழி?" என்றார் தயாரிப்பாளர்.

"ஹீரோ ஐஸ் ஃபேக்டரியில வேலை பாக்கறான். ஒரு நாள் மின்னல் தாக்குது. அவ்வளவுதான் சார், தொட்டதெல்லாம் உறைஞ்சு போகுது!"

"பரவாயில்லையே! அப்புறம்?"

அப்புறமா? இதுவரை கேட்ட எட்டுத் தயாரிப்பாளர்களும் மின்னலிலேயே எழுந்து போய்விட்டார்கள். அதற்கு மேல் கதாசிரியர் யோசித்ததே இல்லை.

"அதுக்கு முன்னாடி அவன் சின்ன வயசைச் சொல்லணும் சார். அஞ்சு வயசுல அப்பா செத்துப் போறார்."

"ஐயோ பாவம். சரி, சக்தி வந்தப்புறம் என்ன பண்றான்?"

சோகம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கதாசிரியர். "அம்மாவும் போயிடறாங்க."

"என்ன பண்றான்னு கேட்டேன்!"

"சித்தப்பாவும் போயிடறார் சார். நாய்க்குட்டியும்."

"யோவ், எல்லாரையும் நீயே கொன்னுட்டா அவன் யாரைத்தான்யா காப்பாத்துவான்?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா சார்."

"அப்பாடா! அவளைக் காப்பாத்தறானா?"

"இல்ல சார், அவளுக்கும் சக்தி வருது. எப்படி வருதுன்னா..."

ஸ்பேனர் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. தயாரிப்பாளர் கதவைப் படபடவென்று தட்டினார். "என்னய்யா ஆச்சு?"

"ரெண்டே நிமிஷம் சார்! நீங்க பேசிக்கிட்டு இருங்க!"

அந்த இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. அதற்குள் வில்லனுக்கும் வில்லனின் மாமியாருக்கும்கூட சக்தி வந்துவிட்டது. தயாரிப்பாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்பதான் சார் ஹீரோ தையல்காரர்கிட்ட போறான். சட்டைக்கு அளவெடுக்கறாங்க. சிவப்பா, நீலமா?"

"சக்தி வந்த கதையையே சொல்றியே, அந்தச் சக்திக்கு ஒரு வேலை வேண்டாமாய்யா? ஆமா, திங்கட்கிழமை என்ன பண்றே?"

கதாசிரியர் இழுத்தார். "மச்சானோட டைல்ஸ் கடை..."

"போ. நாளைக்கே போ!"

அப்போது லிஃப்ட் குலுங்கி நாலாவது மாடிக்கு ஏறி நின்றது; கதவு சர்ரென்று திறந்தது. தயாரிப்பாளர் பாய்ந்துபோய் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வமே! ஏன்யா இவ்வளவு நேரம்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"லிஃப்ட் அப்பவே சரியாயிடுச்சு சார், அந்த ஹீரோ யாரையாவது ஒருத்தரைக் காப்பாத்தட்டும், அப்புறம் திறக்கலாம்னு நின்னேன், சட்டைக்கே இப்பதான் அளவெடுக்கறான்னதும் சரி, நாமளே காப்பாத்திடுவோம்னு திறந்துட்டேன்."