வெண்டலின் டை நன்றாக இருந்தது

மார்லோ மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் தங்கள் நாய்க்கு உரிமம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டத்தைக் கட்டிக் காக்கும் பெரும்பொறுப்பை ஓஹையோ மாநிலம் எங்கள் அலுவலகத்திடம் ஒப்படைத்திருந்தது. கோர்ட்டுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நீளமான அறை. ஜன்னல் கிடையாது. இருந்தாலும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம், ஏனென்றால் எங்களை மேம்படுத்த வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் மேலாளர் கிளெண்டா ஹாஸ்டெட்லர் அப்போதெல்லாம் தங்கமான மனுஷி. "ரொவீனா, நீ எழுதியிருக்கறது குப்பை. திருப்பி எழுது" என்பார். நானும் திருப்பி எழுதுவேன். குப்பை என்றால் குப்பை, அதற்குள் வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை. மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மீட்லோஃப் சாப்பிடுவோம்.

அப்படிப்பட்டவரை மாவட்ட மனிதவளப் பிரிவு நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில், பணியிட மனித உறவுத் திறன் பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் கிளெண்டா. திரும்பி வந்தவர் யாரோ. தலையைச் சாய்த்துக் கேட்டார், உள்ளங்கையை விரித்துப் பேசினார். நான் ஸ்டேப்ளர் கேட்டதற்கு, "உங்க தேவையை நான் மதிக்கறேன்" என்றார். ஸ்டேப்ளர் வரவில்லை.

அந்தப் பயிற்சியின் உச்சம் சாண்ட்விச் முறை. யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு பாராட்டு, நடுவில் செய்தி, மேலே இன்னொரு பாராட்டு. நடுவில் வைப்பதிலும் 'இல்லை', 'முடியாது', 'நீக்கம்' முதலிய புண்படுத்தும் சொற்கள் கூடாது. கடைசியாக, கேட்டவரே அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் செய்தி முறைப்படி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இந்தக் கலையைக் கையாள அவருக்கு உடனே வாய்ப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஓர் இடத்தைக் குறைக்கும்படி உத்தரவு. குறைய வேண்டியவர் வெண்டல் ப்ரூயிட் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உரிமம் வாங்க வருகிறவர்களிடம் நாய்க்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, அது இடி இடித்தால் பயப்படுமா, எந்தப் பக்கம் படுத்துத் தூங்கும் என்று சாவகாசமாக விசாரிப்பார். வரிசை படிக்கட்டு வரை நிற்கும். வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லலாம். கெட்டவர் என்று அவருடைய எதிரி கூடச் சொல்ல மாட்டார்.

கிளெண்டா தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். திறந்த மனதுக்கு அடையாளமாம். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"வெண்டல், நாய்களோட நீங்க பழகற விதம் இந்த மாவட்டத்துக்கே ஒரு சொத்து."

"அப்படியா? இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதே இல்லை."

"மாசக் கடைசிக்கு மேல இந்தச் சின்ன மேஜைக்குள்ள உங்களை அடைச்சு வைக்க மாவட்டத்துக்கு மனசு வரலை."

"நானே சொல்லணும்னு இருந்தேன். முட்டி இடிக்குது."

"அப்புறம், உங்க டை ரொம்ப எடுப்பா இருக்கு. இப்ப நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்."

"நாய்களோட நல்லாப் பழகறேன். இந்த மேஜை எனக்குப் பத்தாது. டை நல்லா இருக்கு."

'செய்தி முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்று கிளெண்டா கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெண்டல் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"ரொவீனா, எனக்குப் பெரிய இடம் தரப் போறாங்கப்பா. நோரீனோட முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தோமே, இனிமே என்ன பயம்? அடுத்த மாசமே வச்சுக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

எங்கள் ஊரில் வேலை போனால் அந்த மாதத்தோடு மருத்துவ இன்சூரன்ஸும் போய்விடும். வேலை இல்லாதவனின் மனைவிக்கு முழங்கால் வலிக்கக் கூடாது என்பது நாட்டின் எதிர்பார்ப்பு. வெண்டலின் மனைவி நோரீனோ மாடிப்படி ஏற முடியாமல் வரவேற்பறை சோபாவிலேயே படுத்துத் தூங்குகிறவள்.

நேரே கிளெண்டாவிடம் போனேன்.

"அவருக்கு ஒண்ணும் புரியலை கிளெண்டா. வேலை போயிடுச்சுன்னு பட்டுன்னு சொல்லிடுங்க."

"ரொவீனா, சக ஊழியர் மேல நீங்க காட்டற அக்கறை என்னை நெகிழ வைக்குது. உங்க கவனம் உங்க மேஜை மேலயே இருந்தா இன்னும் பிரகாசிப்பீங்க. காபி நல்லாப் போடறீங்க."

பிறகு வெண்டலிடமே சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கும் அதற்குள் ஓர் அரைநாள் வகுப்பு நடந்து, முறை தவறிப் பேசுகிறவர்களுக்கு மதிப்பெண் குறையும் என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"வெண்டல், உன் மனசு ரொம்ப நல்ல மனசு. அந்தப் புது வேலையைப் பத்தி எழுத்துல ஏதாவது கேட்டு வாங்கிக்கயேன். நோரீன் பண்ற ஆப்பிள் பை பிரமாதம்."

"பொறாமைப்படாதே ரொவீனா. உனக்கும் ஒரு நாள் வரும்" என்று என் தோளைத் தட்டினார்.

மாதக் கடைசியில் கேக் வெட்டினோம். 'புதிய உயரங்களுக்கு வாழ்த்துகள்' என்று கேக்கின் மேல் கிரீமில் எழுதியிருந்தது. சாமான்களை வைத்துக்கொள்ள கிளெண்டாவே ஓர் அட்டைப்பெட்டி தந்தார். வெண்டல் எல்லாரையும் கட்டிக்கொண்டு, புது வேலைக்கான உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதவளப் பிரிவின் வரலாற்றிலேயே கண்ணீர் இல்லாமல் நடந்த முதல் பணிநீக்கம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கிளெண்டாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். எடுத்தது நான்.

"ரொவீனா, நான் வெண்டல். நோரீனுக்கு ஆபரேஷன் கவுன் எல்லாம் மாட்டியாச்சு. ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. இங்க கவுன்டர்ல ஒரு பொண்ணு, உங்க இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு, உங்களுக்கு வேலை இல்லைங்கறா. யாரோ தப்பாப் பதிஞ்சிருக்காங்க. நீ கொஞ்சம் அவகிட்டப் பேசறியா?"

தன் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளெண்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு இல்லை வெண்டல். உன் வேலை போயிடுச்சு. போன மாசமே போயிடுச்சு."

கவுன்டர் பெண் அடுத்த ஆளைக் கூப்பிடுவது போனில் கேட்டது.

"டை நல்லா இருக்குன்னாங்களே" என்றார்.

அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நோரீன் கவுனைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோலோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

விஷயம் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போய்விடும் என்றானதும் மனிதவளப் பிரிவின் ட்ரென்ட் அபர்னதி விசாரணைக்கு வந்தார். கோப்பைப் புரட்டினார். பாராட்டு, செய்தி, பாராட்டு, திருப்பிச் சொன்னதற்குச் சான்று, எல்லாம் ஒழுங்காக இருந்தன. சொன்னவர் மேல் குற்றமில்லை, ஆகவே கோளாறு கேட்டவரிடம்தான் என்று முடிவு செய்தார். வெண்டலுக்குக் கேட்கும் திறன் குறைவு. உரிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.

"அவர்தான் இப்ப வேலையிலயே இல்லையே?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. பயிற்சி ஊழியர்களுக்கு மட்டும்தான். அதனால பயிற்சி முடியற வரைக்கும் அவரை ஊழியரா எடுத்துக்க வேண்டியிருக்கு. உங்க ஸ்வெட்டர் நல்ல நிறம்."

இவ்வாறு வெண்டல், வேலையிலிருந்து நீக்கப்பட்டது புரியாத குற்றத்துக்காக மறுபடி வேலையில் சேர்க்கப்பட்டார். மாதத்தில் ஒரு நாள் ஊழியராக இருந்தாலும் அந்த மாதம் முழுவதற்கும் இன்சூரன்ஸ் உண்டு. அந்த மாதத்துக்குள் நோரீனுக்கு ஆபரேஷன் நடந்து முடிந்தது. அரசாங்கம் உத்தேசிக்காமல் செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

பயிற்சியில் வெண்டல் எல்லாரையும் அசத்திவிட்டார். கேட்பதைத் தவிர வாழ்நாளில் அவர் வேறு என்ன செய்தார்? பயிற்சி கொடுக்க வந்தவரே தன் நாய் செத்த கதையை அவரிடம் சொல்லி அழுதாராம். மனிதவளப் பிரிவு அவரை அங்கேயே அமர்த்திக்கொண்டது. பெரிய மேஜை. முட்டி இடிக்காது. புதிதாக ஓர் இடம் உண்டாக்கியதால் செலவைச் சரிக்கட்ட இன்னோர் இடத்தைக் குறைக்க வேண்டும் என்றும், அதை நாய் உரிமப் பிரிவிலிருந்தே குறைப்பதுதான் பொருத்தம் என்றும் முடிவானது.

போன வெள்ளிக்கிழமை வெண்டல் எங்கள் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். என் எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, உள்ளங்கையை விரித்தார்.

"ரொவீனா, அன்னைக்கு போன்ல நீ எங்கிட்ட உண்மையைச் சொன்னியே, அந்த நேர்மை இந்த மாவட்டத்துல வேற யாருக்கும் வராது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன்னை மாதிரி ஒருத்தி இந்தக் கீழ்த்தளத்துலயே கிடக்கறதை மாசக் கடைசிக்கு மேல பார்த்துக்கிட்டு இருக்க மாவட்டத்துக்கு மனசு வரலை."

"வெண்டல், எனக்கு வேலை போயிடுச்சா? பட்டுன்னு சொல்லு. நான் உனக்குச் சொன்னேன் இல்ல?"

அவர் கண் கலங்கியது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தார், மூடினார், என் காதைப் பார்த்தார்.

"உன் கம்மல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு, தான் சொன்னதை என் வார்த்தையில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் டேல் கேட்டார். மூன்று வாரமாகப் பல்வலியில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிற மனுஷன்.

"மேலிடத்துலேர்ந்து ஆள் வந்தாங்களாமே, என்ன சொன்னாங்க?"

"நேர்மையில என்னை அடிச்சுக்க ஆளில்லையாம். கம்மல் நல்லா இருக்காம்."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்பாடா. அப்ப இந்தப் பல் வேலையை அடுத்த மாசம் வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்" என்றேன்.