வாஸ்லின் அண்ணாச்சி போட்ட வெளிச்சம்

பம்பாயில் அழகில்லாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால், அந்த மனிதர் இன்னும் வாஸ்லின் அண்ணாச்சியின் ஸ்டூலில் உட்காரவில்லை என்று பொருள்.

தாராவியில் அவர் கடை. எட்டடிக்கு ஆறடி. அதற்குள் நான்கு விளக்குகள், ஒரு ஸ்டூல், எண்பது வயது அண்ணாச்சி. இளவயதில் தாதரில் ஒரு ஸ்டூடியோவில், இந்தி நட்சத்திரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவரிடம் விளக்குப் பிடித்தவர். லென்ஸுக்கு முன்னால் இவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அதன் ஓரமெல்லாம் வாஸ்லின் தடவுவார். முகம் மட்டும் தெளிவாக நிற்கும், மற்றதெல்லாம் பனியாகக் கரையும். பெயர் வந்தது அப்படித்தான்.

நோயாளியைப் பற்றி வாய் திறக்காத டாக்டர் மாதிரி, எந்த நட்சத்திரத்தின் பெயரையும் சொல்ல மாட்டார். “பேரு எதுக்கு சார்? ஒரு அம்மாவுக்கு மூக்கு கொஞ்சம் சப்ப. மேலேருந்து ஒரு லைட்ட எறக்குனோம். மறுவாரம் ஊரே அந்த மூக்குக்குக் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சுது, பாத்துக்கோங்க” என்பார்.

இப்போது அவரிடம் வருகிறவர்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள். அண்ணாச்சிக்கு அந்த வித்தியாசமே கிடையாது. வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்த முருகேசனுக்குப் பாதி முகம் இருட்டு, கண்ணில் ஒரு பொறி. சூப்பர்வைசர் படத்தைப் பார்த்துவிட்டு, “யே ஹீரோ கோன் ஹை? வாட்ச்மேன் கிதர்?” என்றாராம். இந்த ஹீரோ யார், வாட்ச்மேன் எங்கே என்று அர்த்தம். இட்லி விற்கும் பாக்கியம் தன் உரிமப் படத்தில் நிலாவைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தாள். முனிசிபாலிட்டி குமாஸ்தா எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, இது செல்லாது என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் கல்லூரியில் ஒளியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். விசா படத்துக்கு என் மனைவி விசாலத்தை அண்ணாச்சியிடம் அழைத்துப் போனேன். நாங்கள் இருக்கும் மாதுங்காவில் கடையா இல்லை? வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

அரை மணி நேரம் விளக்குகளை நகர்த்தி ஒரு படம் எடுத்தார். எட்டிப் பார்த்தேன். இடது கன்னம் மென்மையான நிழலில் இருக்க, ஒரு ராணி எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். விசாலம் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“விசாவுக்கு நிழலே கூடாது. ரெண்டு காதும் தெரியணும்” என்றேன்.

“எடப்பக்கம் லைட்டு போட மாட்டேன் சார். வேண்டாம், சொன்னா கேளுங்க.”

அடுத்து நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. “சினிமாக்காரியையா எடுக்கறேள்? அறுபத்து மூணு வயசுக் கிழவி ஓய்! ஒழுங்கா எடும்!” காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணாச்சி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டியூப்லைட்டில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். சிறுவயதில் கொதிக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு, இடது கன்னத்திலிருந்து காதுவரை அப்பட்டமாகத் தெரிந்தது. விசாலம் வெகுநேரம் அதையே பார்த்தாள். தெருவுக்கு வந்ததும், “நான் வரலை. நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ” என்றாள். மகள் போனில் அழுதும் மசியவில்லை.

நான்காம் நாள் அண்ணாச்சியிடம் போய், அவள் வர மறுப்பதைச் சொன்னேன். “தழும்பு இருக்கறது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அவ ஒண்ணும் சொன்னதில்லையே!”

“அம்மா ஒங்களுக்கு எந்தப் பக்கம் உக்காருவாவ சார்?”

யோசித்துப் பார்த்தேன். ரயிலில், சினிமாவில், கோயிலில் எங்கும் என் இடப்பக்கம்தான். அங்கே உட்கார்ந்தால் அவளுடைய வலது கன்னம் மட்டுமே எனக்குத் தெரியும்.

“கடைக்குள்ள வந்து ஸ்டூல்ல உக்காருததுக்குள்ள ரெண்டு தடவ எடம் மாறிட்டாவ, அந்தக் கன்னம் ஒங்க கண்ணுல படாம” என்றார்.

கல்யாணமாகி நாற்பது வருடம். நான் ஒளியியல் வாத்தியார்.

மறுநாள் காலையில் இரண்டு விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வெள்ளைப் போர்வைகளைச் சுற்றிக் கட்டி, விளக்குகளைப் போர்வைப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் துணியில் பட்டுச் சிதறியதில் நிழலுக்கு இடமே இல்லை. வாஸ்லினும் இல்லை. “சார், நீங்க அடுப்படிக்குப் போங்க. நீங்க நிண்ணா அவிய மூஞ்சி திரும்பும்.”

போனேன். ஒரு மணி நேரம் அவர் குரல் மட்டும் கேட்டது. எந்த நட்சத்திரம் எந்தப் பக்கத்தைக் காட்டப் பயந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. திடீரென்று விசாலம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும் இடத்தில் ‘க்ளிக்’ என்றது.

படத்தில் இரண்டு காதும் தெரிந்தன, தழும்பும் தெரிந்தது. அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதையே குடுங்கோ. நானும் வரேன்” என்றாள் விசாலம்.

அண்ணாச்சி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“காப்பி உண்டுமா சார்?” என்றார்.

வாழ்நாளில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன். நான் போட்டது காப்பியே அல்ல. அந்த மனிதர் அதைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.