வெள்ளிக்கிழமை வாசிப்பிலிருந்து என்னை விடுவிக்கும்படி அக்காவுக்கு எழுதியது

டுமகெட்டே
நவம்பர் 24, செவ்வாய்

மதிப்பிற்குரிய ரோசெண்டா அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி ப்ருடென்சியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் சுரிகாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி லெவினா, மகள் க்ளாரிபெல் மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. லெவினாவும் க்ளாரிபெல்லும் சுகம். 'தாங்கள்' என்று எழுத எழுத யாரோ வக்கீலுக்கு எழுதுவது போல் இருக்கிறது, நீ என்றே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ சிரிப்பாய். கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். க்ளாரிபெல் பள்ளியில் ஹெர்மினியா டீச்சர் என்று ஒருவர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். குள்ளமான உருவம், மெதுவான குரல், ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரானால் எதிரில் நிற்பவன் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டுவிடுவான். நவம்பர் வாசிப்பு மாதம் என்பதால் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். லெவினாவுக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை, அதனால் நான் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். பக்கத்திலேயே அரிசிக் கேக்கும் குளிர்பானமும் வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் கேக் என்று நானாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கேக் எல்லோருக்கும் உண்டாம். நான் கையெழுத்திட்டது, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி நூலகத்துக்கு வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்தமாகக் கதை வாசிக்கிறேன், மார்ச் முடியும்வரை, என்று ஒப்புக்கொள்ளும் தாளில். வீட்டுக்கு வந்து சொன்னதும் லெவினா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சுப் பாக்கக் கூடாதா?"

"படிக்கறதுக்குள்ள கேக் தீந்துடும்போல இருந்துச்சு."

"படிக்கவே யோசிக்கிற மனுஷன், முப்பத்தஞ்சு பிள்ளைங்க முன்னாடி நின்னு வாசிக்கப் போறாராம்!"

அக்கா, உனக்குத் தெரியாததா? ஐந்தாம் வகுப்பில் ஒரே வரியை மூன்று தடவை வாசித்தேன் என்று 'ரெக்கார்டு கீறல் விழுந்திருக்கு' என்றாரே அந்த வாத்தியார், அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை என் பெயர் கீறல் ரெக்கார்டுதானே. குளிர்சாதனப் பெட்டியின் மின்சுற்றுப் படத்தைக் காட்டு, கண்ணை மூடிக்கொண்டு படித்துச் சொல்கிறேன். மனதுக்குள் செய்தித்தாளும் வாசித்துவிடுவேன். நாலு பேர் முன்னால் சத்தமாக என்றால் மட்டும் எழுத்தெல்லாம் எறும்பாகி ஓடிவிடுகிறது.

அதோடு விட்டார்களா? வீட்டிலும் தினம் இருபது நிமிஷம் பிள்ளையோடு வாசிக்க வேண்டும், வாசித்ததற்கு அட்டவணையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாள். நான் தந்திரமாக, "நீ வாசிம்மா, அப்பா கேக்கறேன்" என்று க்ளாரிபெல்லிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து வாசிப்பாள், கேட்கவே கேட்காது, நாள் முழுக்க கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிய உடம்பு, தூக்கம் வந்துவிடும். தினமும் கையெழுத்துக்கு அலைவானேன் என்று மாதம் முழுவதற்கும் ஒரே மூச்சில் போட்டும் வைத்தேன். இரண்டாவது வாரம் ஹெர்மினியா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அந்த அட்டவணை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நவம்பர் முப்பத்தொண்ணாம் தேதி என்ன கதை வாசிச்சீங்க?"

"அன்னிக்கு லீவு டீச்சர், வாசிக்கல."

"அப்ப கையெழுத்து?"

"லீவுன்னு தெரியறதுக்கு முன்னாடி போட்டது."

எல்லா மாதத்துக்கும் பொதுவாக முப்பத்தொரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள், அது என் குற்றமா? அது போதாதென்று, 'வாசித்தபின் வீட்டில் என்ன பேசினீர்கள்' என்று ஒரு பத்தி இருந்திருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை, க்ளாரிபெல் கவனித்திருக்கிறாள். மூன்றாம் தேதி: 'அப்பா நாலாம் பக்கத்தில் தூங்கிவிட்டார்.' நான்காம் தேதி: 'அப்பா இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை, பாவம்.' டீச்சர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை உங்க முறை. வீட்டுல வாசிச்சுப் பாத்துக்கோங்க" என்று ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். வீடு தேடிப் போகிற ஒரு நண்டின் கதை. நூலகத்தில் அது ஒரே ஒரு பிரதிதான் என்பதையும் சொன்னார், மெதுவாக.

நான் பட்டறையில் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பழுதுக்கு வந்த குளிர்சாதனப் பெட்டிகளுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவை சிரிக்காது பார். மூன்று நாளில் ஏழாம் பக்கம்வரை தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது, எனக்கே நம்பிக்கை வந்த நேரத்தில்தான், பனி உருகி வடிவதற்காக ஒரு பெட்டியின் கீழே வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் புத்தகம் கை நழுவி விழுந்தது. பிள்ளையின் பையில் டீச்சர் கொடுத்த குறிப்பு ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. 'புத்தகம் நனைந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் சுற்றிக் குளிரில் வைத்து, உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள்.' குளிருக்கா என் பட்டறையில் பஞ்சம்? சுற்றி, சரிசெய்து ஓடவிட்டிருந்த பெரிய ஃப்ரீஸருக்குள் அடியில் பத்திரமாக வைத்தேன். கடைசி வரியை மட்டும் செய்யவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகம் ஏது?

அடுத்த நாள் ஒரு மருந்துக் கடைக்கு வேலையாகப் போய்த் திரும்பினால் ஃப்ரீஸரைக் காணோம்.

"நத்திவிதாத் வண்டியோட வந்தா, குடுத்து அனுப்பிட்டேன். ரெடியாத்தானே இருந்துச்சு?" என்றாள் லெவினா.

நத்திவிதாத் சந்தையில் மீன் விற்கிறவள். அவள் குரலுக்குத் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும். நான் ஓடினேன். அதற்குள் ஃப்ரீஸர் நிறைய சூரை மீனை அடுக்கிவிட்டிருந்தாள்.

"நத்திவிதாத், என் நண்டு உள்ள இருக்கு!"

"இன்னிக்கு நண்டு வரலையே, சூரைதான். நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போ."

"அந்த நண்டு இல்ல, வாசிக்கற நண்டு!"

அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துத் தன் நெற்றியில் விரலால் தட்டிக் காட்டினாள். பிறகு விஷயம் புரிந்து, அத்தனை மீனையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அடியிலிருந்து புத்தகத்தை உருவிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சந்தைக்கே கேட்கும்படி, "பிள்ளைங்களுக்கு நல்லா வாசிச்சுக் காட்டுப்பா, திக்காம!" என்றாள். என் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, லெவினா அவளிடம்தான் மீன் வாங்குகிறாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. உன் பள்ளியில் நீ அமைத்திருந்த மாதிரி ஒரு நூலகம்தான் அக்கா, தரையில் பாய், ஜன்னலோரம் அலமாரி, சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். முப்பத்தைந்து பிள்ளைகள், சில அம்மாக்கள். க்ளாரிபெல் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு குரல், "டீச்சர், மீன் வாசம் வருது!" என்றது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். முதுகில் வேர்வை ஓடுவது எனக்கே கேட்டது. எப்படியோ தட்டுத்தடுமாறி எட்டாம் பக்கம்வரை இழுத்துவந்தேன், அங்கே போனால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஒரே பலகையாக ஒட்டிக்கிடக்கிறது. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், 'சர்' என்று கிழிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, "இந்தப் பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு. நண்டு இப்ப என்ன பண்ணியிருக்கும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. காலிச் சோடாப் புட்டிக்குள் குடிபோனது என்றான் ஒருவன். அதில் வாடகைக்கு ஏற்கெனவே இறால் இருந்தது என்றாள் ஒருத்தி. இறாலுக்கும் நண்டுக்கும் சண்டை என்று பின்வரிசை எழுந்து நடித்துக் காட்டியது. ஒரு பிள்ளை மேஜைமேல் ஏறி அலையாக மாறிவிட்டது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரே வந்து வாசலில் நின்றார். மணி அடித்துக் கலைந்த பிறகு ஹெர்மினியா டீச்சர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, ஒருமுறை முகர்ந்து பார்த்து, நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் தலைமையாசிரியரோடு பேசியபடி போய்விட்டார்.

இதுவரை நடந்ததற்குக்கூட நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது க்ளாரிபெல் தலையைக் குனிந்தபடியே நடந்தாள். அப்பனால் அவமானம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடற்கரைச் சாலை திரும்பும் இடத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உங்களுக்கும் வாசிக்க வராதா?"

"வரும்மா. சத்தமாத்தான் வராது."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "கிளாஸ்ல என் முறை வந்தா பாத்ரூம் போகணும்னு கேட்டுருவேன். டீச்சருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. சொல்லிராதீங்கப்பா."

ஜூன் மாதத்திலிருந்து இப்படியாம் அக்கா. ஐந்து மாதம்! பிள்ளை ஏன் முணுமுணுக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் யோசிக்கவில்லை, குறட்டை விட்டிருக்கிறான். மூக்கும் காதும் என்னுடையது என்று ஊரே சொல்லும்போது பெருமைப்பட்டேன், இதையுமா கொடுத்துத் தொலைத்தேன்? நான் அடுத்த மாதமும் அங்கே போய் நின்று திணறினால், அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இன்னும் முற்றிவிடாதா? நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று ஒருவரின் பெட்டிக்கு வயரை மாற்றிப் பூட்டி, குளிரவேண்டியது சுட்டது.

அதனால் நன்றாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். நூலகத்தின் வாசற்படியை இனி மிதிக்கப்போவதில்லை. நீ முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள், உன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஹெர்மினியா டீச்சருக்கு நாலு வரி எழுதிப் போடு. என் தம்பிக்குத் தொண்டையில் கோளாறு என்று எழுது, அல்லது வெள்ளிக்கிழமைகளில் ஊரில் இருக்கமாட்டான் என்று எழுது, எது பொய் மாதிரி தெரியாதோ அது. புத்தகத்துக்குப் பதில் வேறு பிரதி எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்துச் சொல். க்ளாரிபெல் ரகசியத்தை மட்டும் எழுதிவிடாதே, வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதியதே வாக்கு மீறல்தான், ஆனால் நீ எனக்கு வெளியாள் இல்லை.

அத்தானை அவருடைய ரத்தக் கொதிப்பிலிருந்தும், உங்கள் வீட்டுக் கூரையை வரப்போகும் புயலிலிருந்தும் ஆண்டவர் காப்பாராக. லெவினா உன்னைக் கட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னாள். க்ளாரிபெல் ஆசி வேண்டி உன் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
பேச்சு மூச்சில்லாத உன் தம்பி,
ப்ருடென்சியோ

பின்குறிப்பு (வெள்ளி மாலை): செவ்வாய்க்கிழமை எழுதியதைத் தபாலில் சேர்க்க இன்றுதான் நேரம் கிடைத்தது. போகிற வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது, பள்ளி வராந்தாவில் ஒதுங்கினேன். சத்தியமாக மழைக்குத்தான் ஒதுங்கினேன். இன்று வாசிக்கவேண்டிய அம்மா மழையில் வந்து சேரவில்லையாம். ஹெர்மினியா டீச்சர் என்னைப் பார்த்தார், ஒரு புத்தகத்தை நீட்டினார். பாயில் உட்கார்ந்திருந்த கூட்டம் 'ஓ' என்று கத்தியது. பாராததை, பழகாததை எப்படி வாசிப்பது? மூன்றாம் பக்கத்தில் ஒரு வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை முட்டிப் பார்த்தேன், வரவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்த வார்த்தையை யாரோ மெல்லச் சொன்னார்கள். "சரியாக் கேக்கல" என்றேன். உண்மையிலேயே சரியாகக் கேட்கவில்லை அக்கா. க்ளாரிபெல் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள். அடுத்த வார்த்தை வந்தால் சொல்லத் தயாராக இருக்கவேண்டும் என்று முன்னால் வந்து என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அதற்கப்புறம் வந்த பக்கத்தில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளிலும் சிலவற்றில், அவள் சொல்லட்டும் என்று, மாட்டிக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. தொண்டை நன்றாக இருக்கிறது, எந்த வெள்ளிக்கிழமையும் ஊரில்தான் இருப்பேன். ஆனால் வேறொரு விஷயமாக நீ கட்டாயம் கடிதம் எழுதவேண்டும். விடுமுறைக்கு முன்னால் டிசம்பரில் இரண்டே வெள்ளிதான் பள்ளி உண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்றையும் நானே கேட்கலாம் என்றிருந்தேன், அதை ஒரு பல் டாக்டர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் பையன் அதே வகுப்பில் படிக்கிறானாம். நாள் முழுக்க வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிப் பழகியவர், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று ஹெர்மினியா டீச்சருக்கு உடனே எழுதிப் போடு.