முன்னாள் ஜனாதிபதிக்கு நான் போட்ட மாலை

உயிரோடு இருக்கிற ஒரு முன்னாள் ஜனாதிபதியின் படத்துக்கு மாலை போட்டு அஞ்சலி செலுத்தியவன் நான். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பால்கன் பக்கத்தில் ஒரு சின்ன நாடு, அவ்வளவுதான். (பெயரைச் சொன்னால் உடனே போனில் தேடுவீர்கள், எனக்கு எதற்கு வம்பு.)

ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்து அபார்ட்மென்ட்டிலிருந்து தினமும் காலையில் ஒரு கிழவரின் கத்தல் கேட்கும். பாஷை புரியாது, திட்டுகிறார் என்பது மட்டும் தெளிவாகப் புரியும். அந்த வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவி வெரா ஆன்ட்டியும்தான். அவர் படுத்த படுக்கை என்பதால் நாங்கள் பார்த்ததே இல்லை.

"பாவங்க அந்தம்மா. இந்த வயசுலயும் இத்தனை பேச்சு வாங்குது," என்பாள் என் மனைவி சுமதி. ஒருநாள் லிஃப்டில் நான் மிக நாசூக்காக, "ஆர் யூ ஓகே, ஆன்ட்டி?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒருநாள் காலை கத்தல் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அப்புறம்தான் கிழவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. ஆன்ட்டிக்கு இனியாவது நிம்மதி என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

துக்கம் விசாரிக்கக் கிளம்பியபோது சுமதி வாசலில் மறித்தாள். "கையை வீசிட்டா போறது? ஒரு மாலையாச்சும் வாங்கிட்டு வாங்க." ஜர்னல் ஸ்கொயரில் நம்மாள் கடையில் நல்ல கனமான ரோஜா மாலை கிடைத்தது.

ஹாலில் அவர்கள் ஊர்க்காரர்கள் கறுப்பு உடையில் காபிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கிழவரின் கட்டில் காலியாகக் கிடந்தது. கட்டிலுக்கு எதிரே, சுவரில் பெரிய படம்: கோட்டு, மீசை, நெஞ்சு நிறைய பதக்கங்கள். (அங்கிள் இளமையில் பெரிய ஆளாக இருந்திருக்கிறார் என்று வியந்தேன்.) ஷூவைக் கழற்றினேன். நாற்காலியில் ஏறி மாலையைப் போட்டேன். இறங்கிக் கும்பிட்டேன். அதோடு விட்டேனா? கல்லூரியில் மேடையேறிய பழக்கம். "அற்புதமான மனிதர். நாட்டுக்காகவே வாழ்ந்தவர்," என்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினேன்.

வெரா ஆன்ட்டி மெல்ல எழுந்து வந்தார்.

"யாருக்குப்பா மாலை போட்டே?" (பேசியது இங்கிலீஷ்தான்; என் காதில் இப்படித்தான் விழுந்தது.)

"அங்கிளுக்கு, ஆன்ட்டி."

"அது எங்க பழைய பிரசிடென்ட். நல்லா இருக்கான். கடலோரமா வீடு கட்டிக்கிட்டுத் தோட்டம் போட்டுக்கிட்டு இருக்கான்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மாடிக் கட்டடம் என்பதால் அதற்கும் வழியில்லை.

ஆன்ட்டி என்னை உட்காரவைத்துச் சொன்னார். அங்கிளும் படத்தில் இருப்பவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரே குளிர் கோட்டு. ஒருவர் வெளியே போனால் மற்றவர் அறையில் இருப்பார். நண்பன் கட்சியில் சேர்ந்தான், மந்திரியானான், ஜனாதிபதியானான். ஓட்டுப்பெட்டியில் நடந்த திருட்டை அங்கிள் தன் பத்திரிகையில் எழுதினார். அந்த வாரமே பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது. இவர்கள் கிரீன் கார்டு லாட்டரியில் இங்கே வந்தார்கள். பத்திரிகைக்காரர் கிடங்கில் பெட்டி தூக்கினார். அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் நண்பன் கட்சி மாறி, ஜனநாயகம் பேசி, மறுபடியும் ஜெயித்தான்.

"தினமும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கத்துவாரு. உனக்கு முன்னாடி நான் போக மாட்டேன், உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன்னு. அது ஒண்ணுதான் ஆசை. அதுவும் நடக்கலை."

நான் பதறிப்போய் மாலையைக் கழற்ற எழுந்தேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். உங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தானே படத்துல மாலை போடுவீங்க? அப்போ இந்த வீட்டுல அவனும் செத்துட்டான். என் வீட்டுக்காரர் தோத்துப் போகலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "காலையில சத்தமே இல்லப்பா. அதுதான் தாங்க முடியலை," என்றார். இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அவர்மேல் பரிதாபப்பட்டிருந்தேன்.

இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் சுமதி வாசலிலேயே, "படத்துல இருக்கறவங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க," என்பாள். என் மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, நோ ஸ்பீச்," என்பாள்.

வெரா ஆன்ட்டி டெக்சஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டுச் சுவரில் ஜனாதிபதிக்கு இடமில்லையாம். "அவனுக்கு மரியாதை செஞ்ச ஒரே ஆள் நீதான்," என்று படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கள் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

சில நாள் காலையில் ஆன்ட்டி போன் செய்வார். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று, அங்கிள் அளவுக்கு இல்லாவிட்டாலும் முடிந்த அளவு உரக்க, ஈரோட்டுத் தமிழில் திட்டுவேன். ஆன்ட்டிக்கு ஒரு வார்த்தையும் புரியாது. முடியும்வரை கேட்டுவிட்டு, "தேங்க் யூ" என்று வைத்துவிடுவார்.

ஆன்ட்டி இருந்த வீட்டில் இப்போது ஓர் இளம் ஜோடி குடியிருக்கிறது. போன வாரம் லிஃப்டில் அந்தப் பெண் சுமதியின் கையை மெல்லத் தொட்டு, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருக்கிறாள்.