ஐரீனுக்கு இரண்டு பெட்டி

"மதராஸ்தான். இதுல பேச என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வேதநாயகம் மீன் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சிங்கப்பூர்தான்," என்று அமலம்மாள் அதைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்திருந்த இளைய மகள் ஐரீன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். டாக்டர் படிப்புக்குச் சிங்கப்பூர் நல்லதா, மதராஸ் நல்லதா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பினாங்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது பெரிய குமாஸ்தாவாக, இருந்த வேதநாயகத்திடம் யார் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அவர் பதில் சொன்னதும் அதற்கு நேர் எதிரான பதில் அமலம்மாளிடம் தயாராகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அமலம்மாளின் நியாயம் எளிமையானது. சிங்கப்பூர் என்றால் நம்ம சர்க்கார். இங்கே இருக்கிற அதே கவர்னர், அதே தபால் தலை, அதே வெள்ளிப் பணம். போதாததற்கு அவளுடைய சொந்தத் தம்பி அங்கே இருக்கிறான்.

"உன் தம்பி அங்க எங்க இருக்கான்? குதிரைப் பந்தய மைதானத்துலதான இருக்கான்," என்றார் வேதநாயகம். மதராஸ் என்றால் அப்படியில்லையாம். பழைய காலேஜ், பெரிய படிப்பு, தமிழ் பேசும் ஊர். தவிர, அவருடைய அக்கா அங்கே சொந்த வீட்டில் இருக்கிறார்.

"அதுக்காகத்தாங்க வேணாங்கிறேன்," என்றாள் அமலம்மாள்.

ஐரீனுக்கு ஊர் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு டாக்டராக வேண்டும். அக்கா ஆலிஸின் தலைப்பிரசவத்தில் ஆண் டாக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் பிள்ளை தங்காமல் போயிற்று. அன்று கதவுக்கு வெளியே வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்ற ஐரீன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கான்வென்ட் மதர் இரண்டு ஊருக்கும் எழுதிப் போட்டு, இரண்டு இடத்திலும் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வாங்கிக் கொடுத்திருந்தார். இன்னும் தாமதித்தால் அந்த இடங்கள் வேறு யாருக்கோ போய்விடும்.

சண்டையைத் தீர்க்க ஆயர் ஈத்தாமிலிருந்து ஆலிஸையும் அவள் புருஷன் ஆரோக்கியநாதனையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாத்தியாரான ஆரோக்கியநாதன் யோசித்து, இரண்டுமே நல்ல ஊர் என்று தீர்ப்புச் சொன்னார். மாமனாரும் மாமியாரும் ஒரே நேரத்தில் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான். ஆலிஸ் அம்மா பக்கம் போனாள். மாமனார் தனியாக நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் மாப்பிள்ளை அவர் பக்கம் போனார். இருவர் போட்ட சண்டையை இப்போது நால்வர் போட்டார்கள்.

இம்மாதிரி வழக்குகளைத் தீர்த்து வைக்கிற கைராசிக்காரர் ஒருவர் உண்டு, கோவிலைச் சேர்ந்த பாக்கியசாமி உபதேசியார். ஆனால் அவர் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கப் போனவர், இன்னும் திரும்பவில்லை. போவதற்கு முன்னால் வேதநாயகம் அவரிடம் ஏதோ ஒரு காரியத்தை ஒப்படைத்திருந்தார். இருந்த அமளியில் அது என்ன காரியம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

"வீட்டுல எதுக்குப்பா சண்டை? ஆண்டவர்கிட்ட விட்டுடுங்க. பூசைக்கு எழுதிக் குடுங்க," என்று ஐரீன் அப்பாவிடம் சொன்னாள். நல்ல யோசனை என்று அவர் தலையாட்டினார். அடுக்களைக்குப் போய் அம்மாவிடமும் இதையே சொன்னாள். அம்மாவும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை. கோவிலில் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். பிரெஞ்சுக்காரச் சுவாமியார் தம்முடைய தமிழில், எழுத்து எழுத்தாக, யார் யாருக்காக வேண்டிக்கொள்வது என்று ஜனங்கள் எழுதிக் கொடுத்திருந்த பூசைக் கருத்துகளை வாசித்தார்.

"மதராஸுக்கு டாக்டர் படிப்புக்குப் போகிற வேதநாயகம் மகள் ஐரீனுக்காக."

ஆண்கள் பக்கம் தலைகள் நிமிர்ந்தன. வேதநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார். சுவாமியார் அடுத்த கருத்துக்கு வந்தார்.

"சிங்கப்பூருக்கு டாக்டர் படிப்புக்குப் போகிற அமலம்மாள் மகள் ஐரீனுக்காக."

சுவாமியார் ஒரு கணம் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஐரீன்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்றார்.

பூசை முடிந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் எல்லோரும் வேதநாயகத்தின் கையைக் குலுக்கினார்கள். நம்ம ஜனத்தில் முதல் பெண் டாக்டர், விட்டுக் கொடுக்காதீர், மதராஸ்தான் என்று தைரியம் சொன்னார்கள். மாதா சபைப் பெண்கள் அமலம்மாளைச் சுற்றிக்கொண்டு, சிங்கப்பூரை விட்டால் பெண்குலத்துக்கே இழுக்கு என்றார்கள். அந்த வாரம் பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்வார்கள். பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

இனிமேல் எப்படிப் பின்வாங்குவது? வேதநாயகம் சூலியா தெருவுக்குப் போய் ஒரு பெரிய தகரப் பெட்டி வாங்கி, மூடியில் 'மதராஸ்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதச் சொன்னார். அதை ரிக்‌ஷாவில் வைத்து, கோவில் வாசலைத் தாண்டும்போது மெதுவாகப் போகச் சொன்னார். மறுநாள் அமலம்மாள் அதே கடையில் அதே அளவுப் பெட்டி வாங்கினாள். அதே பெயின்டரே 'சிங்கப்பூர்' என்று எழுதினான். அவளும் கோவில் வழியாகத்தான் வந்தாள்.

வேதநாயகம் ஐரீனின் சேலைகளை எடுத்து மதராஸ் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அமலம்மாள் கவுன்களைச் சிங்கப்பூர் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். இரண்டு சாவிகளும் இரண்டு இடுப்பில். பெரிய படிப்புக்குப் போகிற பெண் மாற்றுத் துணி இல்லாமல் ஆலிஸின் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உலவினாள். அப்பா களைத்துப் போன நாளில், அம்மா சொல்வதும் சரிதானோ என்று மட்டும் கேட்பாள். அவர் உடனே எழுந்து உட்காருவார். அம்மா களைத்துப் போனால், அப்பா பாவம் என்பாள். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வருவாள்.

கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வேதநாயகம் நிஜமாகவே ஓய்ந்துவிட்டார். ஆபீசில் துரைகூட எந்த ஊர் என்று கேட்டுவிட்டாராம். "எனக்கு அலுத்துப் போச்சு, அமலம்," என்றார். "பேசாம நாம…"

அமலம்மாளும் சண்டைக்கு வராமல் அவர் முகத்தைப் பார்த்தாள். சோறு போட வந்த ஐரீனின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்பா," என்றாள், குரலை எப்படியோ சமாளித்துக்கொண்டு. "மதராஸ் கப்பல் பினாங்குக்கு வந்துட்டு, அப்புறம் எங்கப்பா போகும்?"

கப்பல் பற்றிய கேள்வி என்றால் வேதநாயகம் தூக்கத்திலும் பதில் சொல்வார். "எங்க போகும்? சிங்கப்பூருக்குத்தான் லா," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெல்ல மெல்ல அவர் மீசை நிமிர்ந்தது.

அவ்வளவுதான், வழக்குத் தீர்ந்தது. ஐரீன் மதராஸ் கப்பலில் போவாள் என்று அவர் ஆண்களிடம் அறிவித்தார். எங்கே இறங்குவாள் என்பது சில்லறை விஷயம். ஐரீன் சிங்கப்பூர் போகிறாள் என்று அமலம்மாள் மாதா சபையில் அறிவித்தாள். எதில் ஏறினால் என்ன? இரு தரப்பும் ஜெயித்துவிட்டதால் ஊரில் அப்படி ஒரு சந்தோஷம்.

கப்பல் புறப்படும் நாளில் துறைமுகத்தில் கோவில் கூட்டம் முழுவதும் திரண்டிருந்தது. கழுத்து மறையும்படி மாலைகள். முன்னால் மதராஸ் பெட்டி, பின்னால் சிங்கப்பூர் பெட்டி, நடுவில் ஐரீன். ஆலிஸ் மட்டும் தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுதாள் என்பது ஐரீனுக்குத் தெரியும். கப்பல் ஊதிக்கொண்டு கரையை விட்டு விலகியது. மேல்தட்டில் நின்ற ஐரீன், இரண்டு கைகளையும் ஆட்டிச் சிரித்தாள். வேதநாயகமும் அமலம்மாளும் பல வருடங்களுக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து வந்த படகை விட்டு இறங்கி, பாக்கியசாமி உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். யார் போகிறார்கள் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் வாயைப் பிளந்தார்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்கதான ஐயா சொன்னீங்க? பொண்ணு படிச்சது போதும், நல்ல மாப்பிள்ளையா பாருங்கன்னு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருத்தரைக் கையோட கூட்டிட்டு வந்து படகுத்துறையில உக்கார வச்சிருக்கேனே."

வேதநாயகத்துக்கு அந்தக் காரியம் இப்போது ஞாபகம் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிங்கப்பூரா மதராஸா என்று வீட்டில் எவ்வளவு தீர ஆலோசித்தார்கள், கோவிலில் எப்படிப் பூசை வைத்தார்கள், கடைசியில் தாமே எப்படி முடிவு கண்டார் என்பதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். அமலம்மாள் இரண்டு இடங்களில் திருத்தினாள். கப்பல் அதற்குள் தீவு முனையைத் தாண்டிவிட்டது.

உபதேசியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"எந்த ஊருன்னு பேசுனீங்க, சரி. போகணுமா வேணாமான்னு எப்பங்க பேசுனீங்க?"