மேலே போன மோனிஷா

சாஃப்ட்பால் என்றால் பந்து மெத்தென்று இருக்கும் என்றுதான் கஜபதி அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். மகளைக் கூட்டிப்போக பள்ளி மைதானத்துக்குள் நுழைந்ததும் ஒரு பந்து பறந்து வந்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது.

"யம்மா! இதுக்கு சாஃப்ட்டுன்னு பேரு வெச்சவன் யாரு டீச்சர்?"

விளையாட்டு டீச்சர் காஞ்சனா ஓடி வந்தாள். "மன்னிச்சிக்குங்க சார். நல்ல நேரத்துல வந்தீங்க. நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன்."

கஜபதி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே காதைக் கொடுத்தார்.

"மோனிஷாவ சப்-ஜூனியர்ல இருந்து எடுத்து ஜூனியர் டீம்ல போடலாமான்னு பாக்கறேன். அது பெரிய பொண்ணுங்க ஆடற பிரிவு. இவ வயசுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே ஆடலாம். சனிக்கிழமை செலக்‌ஷன். வீட்ல கலந்து பேசிட்டு சொல்லுங்க."

"இதுல பேச இன்னா இருக்குது? சப்-இன்ஸ்பெக்டரு இன்ஸ்பெக்டரா ஆவறதுக்கு வீட்ல கலந்து பேசுவாரா?"

"இது ப்ரமோஷன் இல்ல சார், வயசுப் பிரிவு. இங்க இவதான் ராணி. அங்க பெஞ்சுல குந்த வேண்டி வரலாம். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்குது. இவ கேட்சர். பேட் பிடிக்கிற பொண்ணுக்குப் பின்னாடி குந்திகினு, பந்து எங்க போடணும்னு நம்ம ஆளுக்கு வெரலால ரகசியமா சைகை காட்டணும். எதிர் டீமுக்குத் தெரியக்கூடாது. உங்க பொண்ணுக்குக் கள்ளம் கபடமே கெடையாது. மனசுல இருக்கறது அப்டியே மொகத்துல ஒட்டியிருக்கும்."

கஜபதியின் பரம்பரைக்கே சந்தேகம் என்கிற வியாதி கிடையாது. மழை வரும் என்று அவர் சொல்லி, வராமல் போனால் அது மழையின் குற்றம். "அதெல்லாம் ஆடுவா டீச்சர்" என்று சொல்லிவிட்டு மகளை டிவிஎஸ் ஐம்பதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்குப் போய் மனைவி பங்காருவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கே.ஜி.கண்டிகை டீக்கடை வழியில் இருந்தது. மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போகும் மனிதர் அவர் இல்லை. வண்டியை நிறுத்தாமலே கூவினார்.

"நம்ம மோனிஷா மேல போயிட்டாடா!"

பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டரின் காதில் அது விழுந்தது. வண்டியின் பின்சீட்டில் மோனிஷா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது கண்ணில் விழவில்லை.

சாயங்காலம் கஜபதியின் தங்கை வசந்தி, தலைவிரி கோலமாகப் பள்ளிப்பட்டிலிருந்து வந்து இறங்கினாள். இடுப்பில் அவள் மகள் சின்னி. தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ என் தங்கமே! போயிட்டியாடி! பூப்போட்ட பாவாடை எடுத்து வெச்சிருந்தனேடி!"

வாசலுக்கு வந்த மோனிஷா, "வாங்க அத்தை. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

வசந்தி கண் செருகி விழுந்தாள். அந்தத் தண்ணீர் முகத்தில் தெளிக்கத்தான் பயன்பட்டது.

விஷயம் வெளியே வந்ததும் பங்காரு கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன ஒரு வார்த்தை கேக்காம ஊரெல்லாம் சொல்லிகினு வந்தீங்களா? கண்டக்டருக்குத் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியல!"

"நல்ல சேதிதானே பங்காரு."

"இன்னா நல்ல சேதி? இங்க அவ ஆடறப்ப பேரச் சொல்லிக் கத்தறாங்க. அங்க போயி பெரிய பொண்ணுங்க செருப்புக்குக் காவல் இருக்கணுமா? ஒரு வருஷம் பெஞ்சுல குந்த வெச்சாங்கன்னா, அவளுக்கு ஆட்டமே கசந்துடும். கொழந்த எதுக்காவ காலைல எந்திரிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுக்கோசரம்தான்."

அதில் நியாயம் இருந்தது. கஜபதிக்கும் அது புரிந்தது. ஆனால் அவர் நியாயத்துக்கெல்லாம் அசைகிறவரில்லை. "இங்கயே இருந்தா கெணத்துத் தவளை. பாப்பாவையே கேளு. நீ இன்னா சொல்ற பாப்பா, மேல போறியா?"

"ஆங் நைனா" என்றாள் மோனிஷா.

"இங்கயே நிம்மதியா ஆடறியாடி?" என்றாள் பங்காரு.

"ஆங்மா" என்றாள் மோனிஷா, அதே முகத்தோடு.

"பாத்தியா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை.

மயக்கம் தெளிந்த வசந்தி எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணா, சொன்ன வாய மூடறதுக்குள்ள சாவு சேதியாயிடுச்சு. சகுனம் சரியில்ல. மலை மேல போயி முருகன் கிட்ட பூ கேட்டுப் பாத்துடலாம்."

வெள்ளைப் பூ வந்தால் ஜூனியர். சிவப்பு வந்தால் சப்-ஜூனியர். இரண்டு பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைத்து, குழந்தையைவிட்டு எடுக்கச் சொல்வது. குழந்தைதான் சின்னி இருக்கிறாளே. பங்காரு உடனே சரி என்றாள். கஜபதியும் உடனே சரி என்றார். இவ்வளவு சுலபமாக அவர்கள் ஒத்துப்போனது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் மோனிஷா குந்தியிருந்தாள். எதிரே சின்னி துணிப்பந்தோடு நின்றாள். மோனிஷா தொடைமேல் ஒரு விரலை வைத்தால் சின்னி வலப்பக்கம் எறிய வேண்டும், இரண்டு விரலை வைத்தால் இடப்பக்கம். சின்னி எறிந்த பந்து ஒருதரம் மாட்டின் மேல் விழுந்தது, ஆனால் பக்கம் மட்டும் தப்பவில்லை.

கஜபதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, ரெண்டு நந்தியாவட்டை பறிச்சி, எலையில தனித்தனியா பொட்டலம் கட்டிக் குடு. என் கைக்கு முடிச்சு வராது."

"ரெண்டும் வெள்ளையா நைனா?"

"ஆங். முருகனுக்கு எவ்ளோ வேலை இருக்கும்! இந்தச் சின்ன விஷயத்துல அவர எதுக்குக் கொழப்பணும்? அம்மா கிட்ட சொல்லாத."

"ஆங் நைனா" என்று பறிக்கப் போனாள். பிள்ளை மனசும் நந்தியாவட்டை மாதிரி வெள்ளை என்று கஜபதி உருகிப்போனார்.

காலையில் எல்லோரும் மலை ஏறினார்கள். உச்சிக்கால பூஜைக்கு நேரம் இருந்ததால் கூட்டம் குறைவு. பரத்வாஜ் குருக்கள் தட்டை நீட்டி, "பொட்டலத்த வைங்கோ" என்றார்.

கஜபதி சட்டைப்பையிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தார். அதே நேரத்தில் பங்காரு முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

குருக்கள் தட்டைப் பார்த்தார். "ஒரு கேள்விக்கு நாலு பதிலா? நாலும் ஒரே கை கட்டினாப்ல வேற இருக்கு."

"நான்தான் கட்டிகினு வரேன்னேனே" என்றார் கஜபதி.

"நீங்க மறந்துடுவீங்கன்னு நானும் கட்டிகினு வந்தேன்" என்றாள் பங்காரு.

"சண்டை வேண்டாம். அவரோடது ஒண்ணு, உங்களோடது ஒண்ணு" என்ற குருக்கள், கஜபதியின் பொட்டலத்தை இடப்பக்கமும் பங்காருவின் பொட்டலத்தை வலப்பக்கமும் வைத்து, மற்ற இரண்டையும் பிரிக்காமல் ஓரம் கட்டினார்.

கஜபதி மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெல்லம் என்று வாயில் போட்டது புளியாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"ரெண்டும் செகப்பாடி?" என்று கிசுகிசுத்தார்.

"உங்களுது ரெண்டும் வெள்ளைங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

இரண்டு கள்ளத்தனம் சேர்ந்து ஒரு நேர்மையாக முடிந்துவிட்டது. முருகன் இப்போது நிஜமாகவே தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம்.

வசந்தி சின்னியைத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். கஜபதி இடப்பக்கமாகக் கண்ணை உருட்டினார். பங்காரு வலப்பக்கமாகத் திரும்பி இருமினாள். கஜபதி பதிலுக்குத் தாடையை ஆட்ட, பங்காரு வளையலைக் குலுக்க, சின்னி திருதிருவென்று விழித்தாள்.

"என்ன இது, சந்நிதில பரதநாட்டியமா?" என்று குருக்கள் அதட்டினார். "பெரியவா யாரும் சைகை காட்டப்படாது. மூணு பேரும் கண்ண மூடிக்கோங்கோ!"

மூன்று பேரும் மூடிக்கொண்டார்கள். கஜபதி மட்டும் அரைக்கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். மோனிஷா சின்னிக்கு எதிரே, தூணோரமாகக் கையைத் தொங்கவிட்டு, சாமியைப் பார்த்தபடி நின்றாள். துடைத்த பலகை மாதிரி முகம். 'ஒண்ணும் தெரியாத கொழந்தை. அவ தலையெழுத்து அந்தத் தட்டுல கெடக்குது' என்று நினைத்தார். முதல்முறையாக அவருக்கும் சந்தேகம் வந்தது. அரைக்கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, 'முருகா, இவளுக்கு எது நல்லதோ அத குடு' என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டார்.

"வெள்ளை!" என்றார் குருக்கள்.

வந்த சந்தேகம் வந்த வழியே போயிற்று. கஜபதி போட்ட "அரோகரா"வில் பிராகாரத்துக் குரங்குகள் மதிலேறி ஓடின. பங்காரு கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியே சொல்லிட்டாரு. நான் யாரு குறுக்க நிக்க? நல்லா ஆடுடி" என்று மகளை அணைத்துக்கொண்டாள். அவள் மனசார ஒப்புக்கொண்டதில் கஜபதிக்கு அரோகராவைவிடச் சந்தோஷம்.

மலையிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்குப் போனார்கள். விபூதிப் பட்டையும் விறைத்த நெஞ்சுமாக கஜபதி முன்னால் நடந்தார்.

"முருகனே மேல அனுப்பிட்டாரு டீச்சர். அப்பீலே கெடையாது."

காஞ்சனா டீச்சர் சிரித்தாள். "சரி சார், செலக்‌ஷனுக்கு அனுப்பறேன். ஆனா என் சந்தேகம் அப்டியேதான் இருக்குது. நாலு பேரு நடுவுல, யாருக்கும் தெரியாம சைகை காட்டணுமே. இவ மொகத்தப் பாத்தாலே பச்சப்புள்ள கூட கண்டுபுடிச்சிடுமே."

பிரசாதப் பஞ்சாமிர்தத்தை முழங்கை வரைக்கும் வழியவிட்டு நக்கிக்கொண்டிருந்த சின்னிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்காவுக்குச் சூப்பரா வரும் டீச்சர்! கோயில்ல எல்லாரும் கண்ண மூடிகினு இருந்தாங்களா, அப்ப தொடை மேல ரெண்டு வெரல் வெச்சிச்சு, நான் கரெக்டா இந்தப் பக்கத்துப் பொட்டலத்த எடுத்தேன்!"